நெஞ்சு படபடப்புக்குப் போன மகளுக்கு மனநல மருத்துவர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு. போன வாரம் ராத்திரி நெஞ்சை அடைக்கிறது, கை மரத்துப்போகிறது என்று அழுதாள். பக்கத்து மருத்துவமனை கேஷுவாலிட்டிக்கு ஓடினோம். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். பிறகு டூட்டி டாக்டர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘செத்துப் போகலாம் என்று தோன்றியதா’ என்றெல்லாம் கேட்டாராம். ஏதோ ஒன்றுக்கு இவள் ‘ஆமாம்’ என்றிருக்கிறாள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார். இல்லாத எண்ணத்தை அவரே விதைத்துவிட்டாரா? போலீஸ், பள்ளி வரை போகுமா? சீட்டு அப்படியே இருக்கிறது.
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அந்தச் சீட்டை இந்த வாரமே பயன்படுத்துங்கள் அம்மா. மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் மனக்கலக்கத்தில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே துயரத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் கேள்வியால் கெடுதல் நேரவில்லை. உங்கள் மகள் ‘ஆமாம்’ சொன்னாள் என்றால், அது அவளுக்குள் முன்பே இருந்தது. சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

கேஷுவாலிட்டியில் ஏன் கேட்கிறார்கள்? வளரிளம் பிள்ளைகள் ‘மனசு சரியில்லை’ என்று வருவது அபூர்வம். தலைவலி, வயிற்றுவலி, மயக்கம், மூச்சடைப்பு என்றுதான் வருவார்கள். இ.சி.ஜி. நார்மல் என்றால் அதில் இதயக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை. ‘நடிக்கிறாள்’ என்று வீட்டில் யாரும் சொல்லவிடாதீர்கள்.

இதற்கென்று உலகெங்கும் பயன்படும் நான்கு கேள்விகள் உண்டு. கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. கடந்த சில வாரங்களில் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியதா? நீ இல்லாவிட்டால் உனக்கோ குடும்பத்துக்கோ நல்லது என்று நினைத்தாயா? கடந்த ஒரு வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? எப்போதாவது முயன்றிருக்கிறாயா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் ஐந்தாவது கேள்வி கட்டாயம்: இப்போது, இந்த நிமிடம் அந்த எண்ணம் இருக்கிறதா? அதற்கும் ‘ஆமாம்’ என்றால் முழு மனநலப் பரிசோதனை முடியாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. ‘இல்லை’ என்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து விரிவாகப் பேசி, அதன்படி சீட்டு எழுத வேண்டும். கூட்டம் அதிகமான இரவுகளில் இந்த ஐந்தாவதுதான் விட்டுப்போகிறது. அம்மா அப்பா பக்கத்தில் நிற்கக் கேட்பது இன்னொரு தவறு. பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்பாள். உங்களை வெளியே அனுப்பியது சரியான முறை.

ஐந்தாவது கேட்கப்பட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே இன்றிரவு நீங்களே கேளுங்கள். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லம்மா’ என்ற பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். ‘சாகணும்னு இப்போ தோணுதா கண்ணு?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அழுதால் அழட்டும். ‘படிப்பைக் கெடுத்துக்காதே’, ‘உனக்கு என்ன குறை வைத்தோம்’ இரண்டும் வேண்டாம். தோன்றுகிறது என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, கூடவே இருந்து அந்த இரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பதில் எதுவானாலும், வீட்டில் இருக்கும் மாத்திரைகளை இன்றே எடுத்துப் பூட்டுங்கள். தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, மிச்சமான காய்ச்சல் மாத்திரை எல்லாமே. எலி மருந்து, பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். இந்த எண்ணம் அலைபோல் எழுந்து தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஏதும் இல்லாமலிருப்பதே பல பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. எப்போதாவது மாத்திரை அதிகம் போட்டுவிட்டாள் என்று தெரிந்தால், நன்றாக இருக்கிறாள் என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். சில மாத்திரைகளில் முதல் நாள் ஒன்றும் தெரியாது, பிறகுதான் கல்லீரல் பழுதாகும். அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

போலீஸ் பயம் வேண்டாம். எண்ணம் இருப்பதாகச் சொன்னதற்காக யாரும் போலீசுக்குத் தகவல் தருவதில்லை. முயற்சி செய்து வந்தால்தான் ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) பதிவு, காவல் நிலையத் தகவல் எல்லாம். அப்போதும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பதும் அதே சட்டத்தில் உள்ள உரிமை. பள்ளிக்கு மருத்துவமனை எதுவும் எழுதாது. சொல்வதா வேண்டாமா என்பதை மகளோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள்.

எங்கே போவது? தனியார் மருத்துவரிடம் தேதி கிடைக்கத் தாமதமானால் காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தயங்க வேண்டாம், காலையில் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம். ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இ.சி.ஜி., ரத்த ரிப்போர்ட், சீட்டு, அவள் சாப்பிடும் மருந்துகளின் பெயர், தூக்கமும் சாப்பாடும் எப்போது மாறின என்ற குறிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். அங்கேயும் முதலில் அவள் தனியாகப் பேசட்டும். ‘இவளுக்கு ஒரு தூக்க மாத்திரை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். இந்த வயதில் பேச்சு வழிச் சிகிச்சைதான் முதல் படி. மருந்து தொடங்கினால், முதல் சில வாரங்கள் அவளை இன்னும் கூர்ந்து கவனியுங்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை அவள் போனிலும் உங்கள் போனிலும் இப்போதே பதிந்துவையுங்கள்.