வீட்டுக் கடனில் செஸ்னா வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. டெக்சாஸ் பிளேனோவில் இருக்கிறேன். வயது 43, ஐ.டி. வேலை, கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகள். சிறு வயதில் மீனம்பாக்கம் வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்த்தவன். பைலட் லைசென்ஸ் எடுக்க ஆசை. 1975 மாடல் செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று 95,000 டாலருக்கு வருகிறது. சொந்த விமானத்திலேயே கற்றால் வாடகை மிச்சம், விலையும் ஏறும், முதலீடு மாதிரிதான் என்கிறார் நண்பர். வீட்டின் மேல் ஹெலாக் கடன் 8 சதவீதத்தில் கிடைக்கும். கையிருப்பு 30,000 டாலர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இன்சுலின் இல்லை. மனைவிக்கு இதில் சம்மதமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகப் பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விமானம் மட்டும் இப்போது வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 95,000-க்கு வட்டியே வருடம் 7,600 டாலர். ஹாங்கர், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகை, வாடகை மாதம் 400 என்று வைத்தால் 4,800. டல்லாஸ் பக்கம் அந்த விலைக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அனுபவமில்லாத பைலட்டுக்கு இன்சூரன்ஸ் சுமார் 2,500, வருடாந்திரக் கட்டாயப் பரிசோதனைக்கு ஒரு 3,000. ஆகமொத்தம் 17,900 டாலர், விமானம் தரையை விட்டு எழும்பாமலேயே. மேலே போனால் மணிக்கு ஒன்பது கேலன் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மணிக்கு 80 டாலர் போடுங்கள்.

வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தாலே பெரிது. அந்தக் கணக்கில் உங்களுக்கு மணிக்கு 438 டாலர் ஆகிறது. அதே ரக விமானம் பெட்ரோலோடு சேர்த்து 180 டாலர் வாடகைக்குக் கிடைக்கும். சொந்த விமானம் வாடகைக்கு ஈடாக வேண்டுமென்றால் நீங்கள் வருடம் 179 மணி நேரம் பறக்க வேண்டும், அதாவது வாரம் தவறாமல் மூன்றரை மணி நேரம். யானை வாங்கும் காசைவிடத் தீனிக்குத்தான் அதிகம் போகும்.

பழைய செஸ்னாவின் விலை ஏறியது உண்மைதான். காரணம், புதியவை குறைவு. 1978-ல் அமெரிக்க நிறுவனங்கள் 17,000-க்கும் மேல் சிறு விமானங்களை விற்றன. விபத்து வழக்குகளின் செலவு ஏறிக்கொண்டே போக, 1986-ல் செஸ்னா ஒற்றை எஞ்சின் கொண்ட பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. 18 வருடத்துக்கு மேற்பட்ட விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. இன்று புது 172 வாங்க 4 லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஐம்பது வயது விமானத்துக்கும் கிராக்கி. ஆனால் எஞ்சினில் ஒரு கோளாறு வந்தால் நாலைந்து வருட விலையேற்றம் ஒரே பில்லில் போய்விடும். இதை நான் முதலீடு என்று சொல்லமாட்டேன்.

லைசென்ஸுக்கு வருவோம். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம். நடைமுறையில் 60, 70 ஆகிறது. விமானம், பயிற்சியாளர், தேர்வு எல்லாம் சேர்த்து 18,000 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் சிறு விமானங்களுக்கு மட்டுமான ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அதற்குக் குறைந்தபட்சம் 20 மணி நேரம். 40 ஆனாலும் 12,000 டாலருக்குள் முடிக்கலாம். 2025 அக்டோபரில் விதி மாறியபின் அந்த லைசென்ஸில் 172-ஐயே ஓட்டலாம், கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு. குடும்பத்தோடு பறக்க முடியாதே என்பீர்கள். டெக்சாஸ் வெயிலில் நாலு பேரும் முழு டேங்கும் ஏற்றினால் 172-ம் திணறத்தான் செய்யும்.

இதில் உங்கள் சர்க்கரை மாத்திரையைக் கவனிக்க வேண்டும். ஸ்போர்ட் பைலட்டுக்கு, பறக்கும் அளவுக்கு உடல்நிலை இருந்தால், கார் ஓட்டும் லைசென்ஸே மருத்துவச் சான்றாகச் செல்லும். ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் மருத்துவச் சான்றுக்கு ஒருமுறை விண்ணப்பித்து அது நிராகரிக்கப்பட்டால், இந்தக் கதவும் மூடிக்கொள்ளும். ஆகவே அவசரப்பட்டு ஆன்லைனில் படிவத்தை நிரப்பாதீர்கள். முதலில் விமான மருத்துவர் ஒருவரிடம் வெறும் ஆலோசனைக்கு மட்டும் போங்கள். கொடுக்கும் ஃபீஸ் வீண்போகாது.

கிரீன் கார்டு இருந்தாலும் குடியுரிமை இல்லாததால் பயிற்சிக்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் அனுமதி வேண்டும், கட்டணம் 140 டாலர். ஆயுள் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். பல கம்பெனிகள் தனியார் விமானம் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் பிரீமியம் போடும். அலுவலகம் தரும் விபத்துக் காப்பீடு, நீங்களே ஓட்டும்போது செல்லாமல் போவது சகஜம்.

30,000 கையிருப்பு உங்கள் குடும்பத்தின் அவசர நிதி, அதில் கைவைக்காதீர்கள். மாதம் 1,000 டாலர் தனிக் கணக்கில் போட்டு, 12,000 சேர்ந்தபின் பயிற்சியைத் தொடங்குங்கள். பாதிப் பணத்தோடு ஆரம்பிப்பவர்கள் நடுவில் மூன்று மாதம் நிறுத்துவார்கள், திரும்ப வந்து பழைய பாடத்துக்கே பணம் கட்டுவார்கள். நான் பார்த்தவரை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் கதை இதுதான். மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்று பள்ளி ஆசை காட்டினாலும் 2,000-க்கு மேல் முன்பணம் தரவேண்டாம். பள்ளி மூடினால் அந்தப் பணம் திரும்பாது. என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி 9,000 டாலரை இழந்தார்.

லைசென்ஸ் வந்தபின்னும் மாதம் 400, 500 டாலர் செலவழித்துப் பறக்காவிட்டால் கை மறந்துவிடும். அது கட்டுப்படியாகுமா என்பதைத்தான் மனைவியோடு உட்கார்ந்து பேசவேண்டும். விமானம் ஓட்டிப்போய்ச் சாப்பிட்டு வருவதை இங்குள்ள பைலட்டுகள் நூறு டாலர் ஹாம்பர்கர் என்பார்கள். நாம் தோசை என்று வைத்துக்கொண்டாலும் இப்போது நூறு டாலருக்குக் கிடைக்காது.

பேசுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அறிமுகப் பயணத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். 200 டாலர் போலத்தான் ஆகும், டி.எஸ்.ஏ. அனுமதியும் தேவையில்லை. பின்சீட்டில் மனைவியையும் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று பள்ளியிலேயே கேளுங்கள்.