துணைக்குப் புற்றுநோய் சிகிச்சை: பக்கத்தில் இருப்பவர்களின் கேள்விகள்

கீமோதெரபி வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தேன். பிறகு என் கணவருக்கே பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று பன்னிரண்டு சுற்று கீமோ, ஆறு மாதம். வேலையில் கற்றது பாதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது மீதி. இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, மனைவிக்கு முதல் கீமோ முடிந்து இன்று ஒன்பதாவது நாள். நேற்று ராத்திரி 100.8 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தேன், காலையில் இறங்கிவிட்டது. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

தம்பி, இதை மேலே படிக்காமல் முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

பெரும்பாலான கீமோ மருந்துகளில், கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் கிருமி தொற்றினால் எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இல்லை. சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம். மாத்திரை அந்த அடையாளத்தை மறைத்துவிடும், தொற்று அப்படியே இருக்கும். 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே நடுராத்திரி ஆனாலும் கூப்பிட வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். கீமோ தேதியையும் எத்தனையாவது நாள் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வார்டு எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உங்கள் மேல் தப்பில்லை, இதை முன்கூட்டியே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கணவர் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்கிறார். கெஞ்சுகிறேன், கடைசியில் சண்டையில் முடிகிறது.

அம்மா, ஏன் முடியவில்லை என்று கேட்டுப் பார்த்தீர்களா? "பசியில்லை" என்ற ஒரு வார்த்தைக்குள் பல காரணம் இருக்கும். வாயில் உலோகச் சுவை அடிக்கிறதென்றால் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். வாசனைதான் குமட்டுகிறதென்றால் சூடு ஆறிய பிறகு கொடுங்கள். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். புண் இருந்தால் விழுங்குவதே வேதனை, அதற்கு மருந்து உண்டு. குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு கொடுப்பவர்கள் நிறையப் பேர். எழுதிக்கொடுத்த நேரப்படி, முன்னாடியே கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அதிலேயே சில மாத்திரைகள் மலச்சிக்கல் உண்டாக்கும், அதுவும் பசியைக் கெடுக்கும்.

சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அறையை விட்டு நகர்ந்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினால் யாருக்கும் இறங்காது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

வீட்டில் ஒரே கழிவறை. குழந்தைகளுக்கு ஆபத்தா?

கீமோ முடிந்த முதல் 48 மணி நேரம் கவனம் போதும். சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். மூடியை மூடி இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள், கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். சில மருந்துகளுக்கு இன்னும் சில நாள் சேர்த்துச் சொல்வார்கள், வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் அம்மாவையோ அப்பாவையோ கட்டிப்பிடிப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள்.

"தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்றுதான் தினமும் சொல்கிறேன். அவள் பேசுவதையே குறைத்துவிட்டாள்.

தம்பி, அவளுக்காக நீங்கள் எவ்வளவு தவிக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லும் வழி அவளுக்கு அடைபட்டுப் போகிறது. உங்களை வருத்தக்கூடாதென்று அவளே உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள். உடம்புக்கு முடியாத நேரத்தில் அது இன்னொரு சுமை.

என் கணவருக்குக் கொடுத்த ஆக்சாலிபிளாட்டின் குளிர்ச்சியைத் தாங்கவிடாது. முதல் சுற்று முடிந்த மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தவர், ஷாக் அடித்தது போல விரல்களை உதறினார். பாட்டில் உருண்டது. நான் பதறி, "ஒன்றுமில்லை, போய்விடும்" என்றேன். அவர் கையைப் பார்த்தபடியே, "உனக்கு இது பழக்கம். எனக்கு இது என் கை" என்றார். அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இப்போது நான் யோசனை சொல்லவா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கவா?" பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்டார். சில நாள் "டிவியைப் போடு" என்றார். அதுவும் பதில்தான்.

கீமோ போட்ட இரண்டு நாளும் தூக்கமே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்.

குமட்டலுக்காகக் கூடவே டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஸ்டீராய்டு தூக்கத்தையும் கெடுக்கும், எரிச்சலையும் கிளப்பும். காலை வேளையிலேயே கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உறவினர் ஒரு மூலிகைப் பொடி கொடுத்திருக்கிறார். பக்கவிளைவு இருக்காதாமே?

டாக்டரிடம் காட்டாமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சில மூலிகைகள், கல்லீரல் கீமோ மருந்தைச் சிதைக்கும் வேகத்தை மாற்றிவிடும்.

எல்லாரும் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு" என்கிறார்கள். எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அழக்கூட நேரமில்லை.

அம்மா, நேரத்தோடு கேளுங்கள். "வியாழக்கிழமை மூன்று மணி நேரம் அவர் கூட இருக்க முடியுமா?" என்றால் பலர் வந்துவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள், தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் உங்களுக்கும் ஒரு டாக்டர் வேண்டும். துணையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது அபூர்வமே இல்லை.

சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் பழையபடி ஆகவில்லையே?

களைப்பு பல மாதம் நீளலாம். விரல் மரத்துப்போவது அதற்கு மேலும் இருக்கலாம், சில மருந்துகளில் கீமோ நின்ற பிறகு கொஞ்ச காலம் கூடவும் செய்யும். அடுத்த பரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள். என் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட இன்னமும் நேரமாகிறது. நான் கதவருகே நிற்பேன். கூப்பிட்டால் போய்ப் போட்டுவிடுவேன்.