வாங்கிய ரீகாம்பினன்ட் மனித நொதி வேலையே செய்யவில்லை. நிறுவனம் ஏமாற்றிவிட்டதா?

புகார் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கியது மனித எம்எம்பி-9, திசுவில் உள்ள புரதங்களை அறுக்கும் நொதி. மனித மரபணுவை வளர்ப்பு செல்லுக்குள் வைத்துத் தயாரித்தது என்பதால்தான் ரீகாம்பினன்ட் என்ற பெயர். தூய்மை 95 சதவீதத்துக்கு மேல் என்று சீட்டில் இருக்கிறது, ஆனால் நொதி வெட்டியதும் ஒளிரும் வினைபொருளோடு சேர்த்தால் அசைவே இல்லை என்கிறீர்கள். ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். எனக்கும் அப்போது அது முதல் வருடம்.

நான் வாங்கியதும் இதே நொதிதான். எனக்கு வந்த குழாயில் 10 மைக்ரோகிராம். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே தெரியவில்லை. காலிக் குழாயை அனுப்பிவிட்டார்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன். (உறைய வைத்து உலர்த்திய அவ்வளவு சொற்பப் புரதம் கண்ணுக்குத் தெரியாது. மூடியில் ஒட்டியிருக்கலாம் என்பதால் திறக்கும் முன் செண்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது.) கரைத்தேன், வினைபொருளைச் சேர்த்தேன், 320 நானோமீட்டரில் தூண்டி 405இல் அளந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் திரையில் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. நொதி போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் வித்தியாசமே இல்லை.

மிச்சம் இருந்ததில் கொஞ்சத்தை, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றினேன். இந்த நொதியின் எடையான 92 கிலோடால்டன் அருகில் ஒரே பட்டை, கோடு கிழித்தது போல. அதாவது புரதம் இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. அப்படியென்றால் வரும் வழியிலேயே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்து, காரசாரமாக ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: தரவுத்தாளின் இரண்டாம் பக்கத்தில் செயலூக்கம் பற்றிய பத்தியைப் படிக்கவும்.

நான் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

விஷயம் இதுதான். 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் தலைப்பிரட்டையின் வால் எப்படிக் கரைந்து மறைகிறது என்று தேடப்போய்க் கண்டுபிடித்த, கொலாஜன் என்ற திசுப் புரதத்தை வெட்டும் கொலாஜனேஸ்தான் இந்த எம்எம்பி குடும்பத்தின் மூத்தது. திசுவையே அறுக்கும் நொதியை உடம்பு திறந்த கத்தியாக விட்டுவைக்குமா? உறையோடுதான் செய்கிறது. புரதத்தின் முன்பகுதியில் இருக்கும் சிஸ்டீன் என்ற ஒரு அமினோ அமிலம், நடுவில் உள்ள துத்தநாகத்தைப் பிடித்து அடைத்துக்கொண்டிருக்கும். மனித மரபணுவை வளர்ப்பு செல்லுக்குள் வைத்தால் அதுவும் உறையோடுதான் செய்து தரும். உங்கள் சீட்டில் பெயருக்கு முன்னால் 'ப்ரோ' என்று இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உறையோடு வந்திருக்கிறது என்று பொருள். வினைத்திறன் என்று அவர்கள் அச்சிடும் எண், உறையைக் கழற்றிய பிறகு அளந்தது.

கழற்றுவதற்கு ஏபிஎம்ஏ என்ற பாதரசச் சேர்மம், 1 மில்லிமோலார், 37 டிகிரி. (பாதரசம், கையுறை கட்டாயம், கழிவைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.) இதிலும் சறுக்கினேன். பக்கத்து மேசைக்காரரின் குறிப்பேட்டில் ஒரு மணி நேரம் என்று இருந்தது, அப்படியே செய்தேன். கோடு லேசாக முதுகை நிமிர்த்தியதோடு சரி. அவர் வைத்திருந்தது எம்எம்பி-2, அதே குடும்பத்தின் வேறொரு நொதி. எம்எம்பி-9க்கு 24 மணி நேரம் வேண்டும். மறுநாள் காலை பார்த்தபோது முதல் ஐந்து நிமிடத்திலேயே கோடு செங்குத்தாக ஏறியது.

நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவீர்கள். இல்லை. அவ்வளவு முக்கியமான பத்தியை இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்தது அவர்கள் தப்புதான். எல்லா ரீகாம்பினன்ட் நொதிக்கும் இப்படியா என்றால் அதுவும் இல்லை. வினைபுரியும் பகுதியை மட்டும் தயாரித்து, நேரடியாகப் பயன்படுத்தும்படி விற்பதும் உண்டு. புரதங்களை வெட்டும் இன்னொரு நொதியான டிரிப்சினைக் கொண்டும் ஊக்கலாம் என்பவர்களுக்கு: ஊக்கலாம், பிறகு அந்த டிரிப்சினை அடக்கவும் தெரிய வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டுக்காக நான் பட்ட மூன்று வாரப் பாடு, கட்டுரையில் "நொதி செயலூக்கப்பட்டது" என்று இரண்டே சொல்லில் முடிந்தது. நன்றியுரையில் என் பெயர் இருந்தது, முன்னெழுத்து மட்டும் வேறு யாருடையதோ. திருத்தச் சொன்னேன். "அடுத்த கட்டுரையில் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கட்டுரையில் பெயரே இல்லை.

ஊக்கிய பிறகும் கோடு எழவில்லை என்றால், உங்கள் பஃபரில் (நொதியைக் கரைக்கும் திரவத்தில்) இடிடிஏ என்ற சேர்மம் இருக்கிறதா என்று பாருங்கள். அது நொதிக்கு வேண்டிய கால்சியத்தையும் துத்தநாகத்தையும் கவ்விக்கொண்டு போய்விடும். ஆய்வகத்தில் எல்லோருக்குமாகக் கரைத்து வைத்திருக்கும் புட்டியை நம்பாமல், கால்சியம் குளோரைடு சேர்த்து நீங்களே புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். மிச்ச நொதியைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் அப்போது உண்மையாகவே செத்துப்போகும். இதையெல்லாம் செய்தும் கோடு அசையவில்லை என்றால், அந்தப் புகார் கடிதத்தைத் தாராளமாக அனுப்புங்கள்.