உதவித்தொகை என் பெயரில், ஏ.டி.எம். கார்டு சித்தப்பா கையில்: எப்படி மாற்றுவது?

கேள்வி: எனக்கு வயது 26. மூளை முடக்குவாதம் உண்டு. வாக்கர் வைத்து நடப்பேன், பேச்சு கொஞ்சம் குழறும். அஞ்சல் வழியில் பி.காம். முடித்திருக்கிறேன். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. அப்பா இறந்த பிறகு சித்தப்பாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். பாஸ்புக், கார்டு, வங்கியில் கொடுத்த போன் நம்பர் எல்லாமே அவருடையது. நல்லவர்தான். ஆனால் நாப்கின் வாங்கக்கூட அவரிடம் காசு கேட்க வேண்டியிருக்கிறது. வங்கிக்குப் போனால், "கார்டியனைக் கூட்டிட்டு வாம்மா" என்கிறார்கள். நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா? (வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: உண்டு. பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட எளிது. 18 வயது முடிந்த எவருக்கும், நீதிமன்றமோ சட்டப்படி அமைந்த குழுவோ நியமிக்காமல், கார்டியன் (காப்பாளர்) என்று ஒருவர் கிடையாது. சித்தப்பா என்ற உறவினால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 13-வது பிரிவு, தன் பண விவகாரங்களைத் தானே கையாளும் உரிமை மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. உதவிக்கு இருப்பவரை மாற்றிக்கொள்ளவும், அந்த ஏற்பாட்டையே முடித்துக்கொள்ளவும் உங்களால் முடியும்.

எனவே முதல் வேலை, அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்ப்பது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். பாஸ்புக் கைக்கு வராவிட்டால் ஆதாரோடு கிளைக்குப் போய்க் கேளுங்கள், கணக்கு உங்கள் பெயரில்தானே இருக்கிறது. சிறுவயதில் அப்பாவோ சித்தப்பாவோ காப்பாளராக இருந்து தொடங்கியது என்றால், உங்களுக்கு 18 ஆனதோடு அந்த அதிகாரம் முடிந்துவிட்டது. வங்கி உங்கள் கையெழுத்தைப் புதிதாக வாங்கி, கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடித்து, கணக்கை உங்களிடம் கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் அதைப் பிரிக்கப் போராட வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும் ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளர் சான்று தருவதுண்டு. அப்படி ஒன்று வாங்கப்பட்டிருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இருந்தால், அது இனி தேவையில்லை என்று நீங்களும் சித்தப்பாவும் சேர்ந்து குழுவுக்கு மனுக் கொடுப்பதுதான் நல்ல வழி. அந்தச் சான்று இருந்தாலும்கூட அவர் உங்கள் விருப்பத்தை மீறி நடக்க முடியாது. 2016 சட்டம் எல்லாக் காப்பாளர்களையும் வரையறுக்கப்பட்ட காப்பாளர்களாகவே, அதாவது உங்களோடு கலந்து உங்கள் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டியவர்களாகவே, கருதுகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இந்தச் சான்று இருக்க வாய்ப்பு குறைவு என்றே தோன்றுகிறது.

இப்போது முக்கியமான விஷயம். பாஸ்புக்கும் கார்டும் கைக்கு வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போன் நம்பர் அவருடையதாக இருக்கும் வரை எதுவும் உங்கள் கைக்கு வந்ததாகாது. ஓ.டி.பி. அவருக்குப் போகும், பணம் வந்த செய்தியும் அவருக்குத்தான் போகும். ஆகவே உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, முதலில் ஆதாரில் அந்த நம்பரைச் சேருங்கள். அப்புறம் வங்கியிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) பதிவிலும் அதே நம்பரைக் கொடுங்கள்.

புதுக் கணக்கு தொடங்கினால் அவசரப்பட்டுப் பழையதை மூடிவிடாதீர்கள். நல அலுவலகத்தில் புதுப் பாஸ்புக் நகலோடு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் ஆதாரைப் புதுக் கணக்கோடு இணைக்கச் சொல்லுங்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். ஒரு மாதத் தொகையாவது புதுக் கணக்கில் விழுந்த பிறகு பழையதை மூடலாம். நடுவில் பணம் திரும்பிப் போய்விட்டால் அதை மீட்பது பெரிய அலைச்சல்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறினால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நேரில் போவது கஷ்டம் என்றால் வீட்டுக்கே வந்து சேவை தருமாறு கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வசதி தரச் சொல்லி 2017-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. பேச்சு குழறுவதைப் பார்த்து, கூட வந்தவரிடமே பேசும் ஊழியர்கள் இருப்பார்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மறுபடியும் "கார்டியனைக் கூட்டிட்டு வா" என்றால் வாக்குவாதம் வேண்டாம். 13-வது பிரிவைக் குறிப்பிட்டு மேலாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

சித்தப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. வங்கியிலிருந்து செய்தி போய் அவருக்குத் தெரிவதைவிட, நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. "இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க சித்தப்பா, இனி நானே பாக்குறேன். தெரியாதத உங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்று சொன்னாலே போதும். இதுவரை வந்த பணம் என்ன ஆனது என்று கேட்பதா என்பது உங்கள் முடிவு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பேசாதீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் என்னாகும் என்பது அவர் கவலையாக இருக்கலாம். விருப்பமிருந்தால் அவரை நாமினியாகப் போடுங்கள். நாமினிக்கு உங்கள் காலத்தில் பணம் எடுக்கும் உரிமை இல்லை. கார்டின் பின் நம்பரை மட்டும் பாசத்துக்காகக்கூட யாருக்கும் சொல்லாதீர்கள்.

அவர் கார்டைத் தர மறுத்தால், கணக்கின் உரிமையாளராக நீங்களே வங்கியில் சொல்லி அதை முடக்கிவிட்டு வேறு கார்டு கேட்கலாம். கூட்டுக் கணக்கு என்றால் புதுக் கணக்குக்குப் பணத்தைத் திருப்புவதுதான் வழி. மிரட்டல், அடி என்று போனால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். அழைக்க வேண்டிய எண் 15100.