பிரெஞ்சுப் பிரபுக் குடும்பங்களின் பழைய ஆவணங்களில் என்னதான் இருக்கிறது?

பிரான்சின் பழைய பிரபுக் குடும்பங்கள் தங்கள் ஆவணங்களை இன்னும் வைத்திருக்கின்றனவா, அவற்றில் என்ன இருக்கும், வெளியாள் ஒருவர் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாறு படிக்கப் போய் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். அதில் பாதி நாள் இந்தக் காகிதங்களோடுதான் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரசர் எழுதிய மடல்கள், போர்க்களச் செய்திகள், கல்யாண ஒப்பந்தங்கள் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் நானும் போனேன். இருக்கின்றன. ஆனால் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி நிலக் கணக்கு. எந்த ஊரில் யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், பிரபுவுக்கு வருடா வருடம் என்ன கட்ட வேண்டும், நிலத்தை விற்றால் விலையில் எவ்வளவு பிரபுவுக்குச் சேர வேண்டும், விளைச்சலில் எத்தனை கட்டு அவருக்கு. இதை நிரூபிக்கத்தான் கோட்டையில் தனி அறை ஒதுக்கிப் பட்டயங்களைப் பூட்டி வைத்தார்கள். வழக்கு என்று வந்தால் எடுத்து நீட்ட வேண்டும் அல்லவா.

இந்தக் கணக்கைத் தொகுத்து எழுதிய பெரிய ஏட்டுக்குத் 'தெரியே' என்று பெயர். மேற்குப் பிரான்சின் ஒரு மாவட்டக் காப்பகத்தில் என் கைக்கு முதலில் வந்தது 1770-களில் எழுதிய ஒன்று. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். நுரைப்பஞ்சு மெத்தையில் சாய்த்து வைத்து, உள்ளே ஈயம் வைத்துத் தைத்த துணிக்கயிற்றைப் பக்கத்தின் மேல் போட்டால்தான் விரிந்து நிற்கும். பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும். நடுவில் ஒரு தாளைத் திருப்பியபோது தையல் இடுக்கிலிருந்து பொடி மணல் மேசையில் உதிர்ந்தது. மை காய்வதற்காக எழுத்தர் தூவிய மணல்! அவர் ஏட்டை மூடிய பிறகு அந்தப் பக்கத்தை யாருமே திறக்கவில்லையோ என்று தோன்றியது.

அந்தப் பக்கத்தில் இருந்தவள் ஒரு விதவை. ஒரு வீடு, ஒட்டினாற்போல் தோட்டம், சணல் போடும் ஒரு துண்டு நிலம். செக்குபந்தி எழுதியிருக்கிறது: கிழக்கே பாதை, மேற்கே இன்னாருடைய வாரிசுகள் நிலம், தெற்கே ஓடை. புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 அன்று சில்லறைக் காசும் ஒரு கோழியும் கொடுக்கக் கடன்பட்டவள். கடைசி வரியில், கையெழுத்துப் போடத் தெரியாது என்று அவள் சொன்னதாகக் குறிப்பு. கோயில் பதிவேட்டில் அவளுடைய ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் இருக்கலாம். அவள் வீட்டுக்குப் பின்னால் என்ன விளைந்தது என்பது இந்த ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. பிரபுவின் பெயரால் பாதுகாத்த காகிதத்தில் அதிகம் பேசுவது அவருடைய குடிகள்தான். இந்த ஆவணங்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் அதுதான்.

அந்தக் குடிகளே இவற்றை எரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789 ஜூலைக் கடைசியில் நாட்டின் பல பகுதிகளில் பீதி பரவியபோது கோட்டைகளுக்குள் புகுந்த குடியானவர்கள் பல இடங்களில் முதலில் கேட்டது இந்த ஏடுகளைத்தான். முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். ஏடு போனால் கடனும் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில், மறந்துபோன பாக்கிகளைக்கூடப் பழைய பட்டயங்களிலிருந்து தோண்டி எடுக்கப் பிரபுக்கள் நிபுணர்களை அமர்த்தியிருந்தார்கள். பிக்கார்தி பகுதியில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் பாபேஃப், பின்னாளில் சொத்துச் சமத்துவம் கேட்டு 1797-இல் கில்லட்டினில் தலை கொடுத்த அதே புரட்சிக்காரர். பிரபுக்கள் அபகரித்த கதையின் மர்மங்களை அவர்களுடைய ஆவண அறைத் தூசியில்தான் கண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1789 ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபையில் நிலப்பிரபுத்துவம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆனால் நிலத்தின் மேலிருந்த பல பாக்கிகளைப் பணம் கொடுத்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். இழப்பீடே இல்லாமல் எல்லாவற்றையும் நீக்கியது 1793 ஜூலை 17 சட்டம். மூன்று மாதத்துக்குள் பட்டயங்களை எரிக்க வேண்டும், ஒளித்து வைத்தால் ஐந்து வருடம் விலங்கிட்ட சிறை என்றது அது.

அப்புறம் எப்படி இவ்வளவு மிஞ்சியது? நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் நிலத்தை அரசே பறிமுதல் செய்து விற்றுக்கொண்டிருந்தது. விற்க வேண்டுமென்றால் எது யாருடையது என்று காட்டும் காகிதம் வேண்டும். அதனால் குடும்ப ஆவணங்கள் மூட்டை மூட்டையாக அரசு அலுவலகங்களுக்குப் போயின. 1796-இல் மாவட்டக் காப்பகங்கள் ஏற்பட்டன. இன்றும் அங்கே குடும்பப் பட்டயங்களைத் தேட 'இ' (E) வரிசையைக் கேட்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை மட்டும் சொல்லச் சொன்னால் பாரிசுக்கு வடக்கே ஷாந்தியி மாளிகையில் இருந்த கோந்தே குடும்பத்தைச் சொல்வேன். 1789-இல் பாரிஸின் பஸ்தீல் சிறைக்கோட்டை விழுந்த மூன்றாம் நாளே அவர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். பறிமுதலான ஆவணங்கள் மன்னராட்சி திரும்பியபோது குடும்பத்துக்கே வந்தன. ஆனால் அடுத்த தலைமுறையில் காத்து வைக்க வாரிசு இல்லை. ஒரே வாரிசான ஆங்கியான் கோமகனை 1804-இல் நெப்போலியன் ஆட்சி வான்சென் கோட்டை அகழியில் சுட்டுக் கொன்றிருந்தது. அவருடைய தந்தை 1830-இல் இறந்தபோது சொத்தும் காகிதமும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போயின. அவர்தான் மன்னர் லூயி பிலிப்பின் மகனான ஓமால் கோமகன். 1848 புரட்சிக்குப் பின் இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்த காலத்தில் அந்த ஆவணங்களை வைத்துக் கோந்தே குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கினார். அச்சான பிரதிகளை 1863-இல் மூன்றாம் நெப்போலியனின் போலீஸ் கைப்பற்றியது. நாடு திரும்பியவரை 1886-இல் மறுபடி வெளியேற்றினார்கள். அதே ஆண்டு அவர் ஷாந்தியி மாளிகை, ஓவியங்கள், நூலகம், ஆவணங்கள் எல்லாவற்றையும் அன்ஸ்தித்யூ த பிரான்ஸ் என்ற அறிஞர் அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார். துரத்திய நாட்டுக்கே கொடுத்த மனிதர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 16-ஆம் நூற்றாண்டில் தளபதி ஆன் த மொன்மொரான்சிக்கு வந்த கடிதங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

இன்னும் குடும்பங்களின் கையிலேயே இருக்கும் ஆவணங்களும் ஏராளம். அவை தனியார் சொத்து. சொத்துப் பிரிக்கும்போது நாலாகப் பிரிந்து ஏலத்துக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரே ஊரின் நூறு வருடக் கணக்கு நாலு பேரிடம் போய்விட்டால் யாருக்கும் பயனில்லை. வரலாற்று ஆவணம் என்று அரசு வகைப்படுத்தியதை நிரந்தரமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பல குடும்பங்கள் தாங்களாகவே காப்பகத்தில் ஒப்படைக்கின்றன. அப்படி வந்தவற்றுக்குத் தேசியக் காப்பகத்தில் 1949 முதல் 'ஏபி' (AP) என்ற வரிசை உண்டு. அதன் முதல் எண்ணே லா த்ரெமுய் குடும்பத்தின் தூவார் தொகுப்பு.

பார்க்க முடியுமா என்றால், முடியும். மாவட்டக் காப்பகங்களில் அடையாள அட்டை காட்டி இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்றில்லை. குடும்பம் ஒப்படைத்துவிட்டு உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கும் சில தொகுப்புகளுக்கு அதன் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், வாரக்கணக்கில் ஆகலாம். போவதற்கு முன் இணையத்தில் அந்தத் தொகுப்பின் விவரப்பட்டியலைப் படித்துக் கட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்துக்கு முதல் வாரம் கண் பழகாது. பயப்படாதீர்கள், 18-ஆம் நூற்றாண்டு ஏட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனால் பிடிபட்டுவிடும்.