விமானி அறையில் மாறியது எது?

அன்புள்ள ஐயா,

1989இல் முடங்கிய விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்த அமெரிக்க விமானி ஆல் ஹேன்ஸைப் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். கணினிகள் இல்லாத காலத்தில் பழகியவர்களே உண்மையான விமானிகள், இன்றுள்ளவர்கள் பொத்தான் அழுத்துபவர்கள்தான் என்று தோன்றுகிறது. சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹேன்ஸ் 1956இல் யுனைடெட் ஏர்லைன்ஸில் சேர்ந்தபோது அங்கே புரொப்பல்லர் விமானங்களே பறந்தன. அன்றைய அறுபது வயது வரம்பை எட்டி 1991இல் அவர் ஓய்வுபெற்றபோது, விமானி அறையில் மூன்றாமவராக அமர்ந்து கருவிகளைக் கவனிக்கும் விமானப் பொறியாளர் இல்லாமல் இருவர் மட்டுமே ஓட்டும் ஜெட்கள் பெருகியிருந்தன. ஆயினும் அவர் காலத்தின் பெரிய மாற்றம் இயந்திரத்தில் நிகழ்ந்ததல்ல என்றே நான் கருதுகிறேன்.

அவரது பணியின் முற்பகுதியில் தலைமை விமானி சொன்னதே முடிவு. ஐயம் எழுந்தாலும் மற்றவர்கள் தயங்குவார்கள். 1978 டிசம்பரில் அதே நிறுவனத்தின் டிசி-8 ஒன்று, சக்கரக் கோளாற்றை ஆராய்ந்தபடியே போர்ட்லண்ட் அருகே சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவது பேச்சில் வந்தது; எவரும் அழுத்திச் சொல்லவில்லை. அதன்பின்தான், கலந்து பேசி முடிவெடுக்கும் பயிற்சியை நிறுவனம் தொடங்கியது.

1989 ஜூலை 19 அன்று ஹேன்ஸின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சின் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றியிறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்புகளும் ஒருசேரச் செயலிழந்தபோது, பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற விமானிப் பயிற்றுநரை அவர் உள்ளே அழைத்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களை அவரிடமே விட்டார். எஞ்சியிருந்த இரு எஞ்சின்களின் விசையை ஏற்றியிறக்கியே விமானத்தை சூ சிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தனர், 184 பேர் பிழைத்தனர். பின்னர் சிமுலேட்டரில் முயன்றபோது, அந்நிலையில் பாதுகாப்பாகத் தரையிறக்குவது ஏறக்குறைய இயலாதது என்று தெரிந்தது. கைத்திறன் இருந்தது, ஐயமில்லை. ஆனால் 1956இன் தலைமை விமானி இன்னொருவரிடம் த்ராட்டிலைக் கொடுத்திருப்பாரா?

தங்கள் கவலையிலும் நியாயம் உண்டு. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல், வேகம் அளக்கும் கருவிகள் உறைந்து விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி விலகியதும், விமானிகளால் விமானத்தைக் கையால் நிலைநிறுத்த முடியவில்லை. 228 பேரும் மாண்டனர். ஆனால் அங்கும், ஒருவர் விமானத்தின் மூக்கு உயரும்படி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்ததை அருகிலிருந்தவர் உடனே அறியவில்லை.