வரம் கொடுப்பவனின் கதை

அன்புள்ள ஐயா,

போன வாரம் மகளோடு ‘விஷ் டிராகன்’ அனிமேஷன் படம் பார்த்தேன். ஷாங்காய் நகரில் ஓர் ஏழைப் பையன். அவன் கையில் பழைய தேநீர்க் கெண்டி ஒன்று கிடைக்கிறது. உள்ளேயிருந்து ஒரு டிராகன் வந்து மூன்று வரம் தருகிறேன் என்கிறது. சின்ன வயதுத் தோழி இப்போது பெரிய பணக்காரி, அவளைப் பார்க்க இவனும் பணக்கார வேஷம் போடுகிறான். இது அலாவுதீன் கதையேதானே? விளக்கைக் கெண்டியாக்கி, பூதத்தை டிராகனாக்கி, சீனச் சட்டை மாட்டிவிட்டது போலத்தான் எனக்குப் பட்டது.

இன்னொரு கவலையும் உண்டு. யாரோ வந்து கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் பிள்ளைகள் மனதில் என்ன பதியும்? ஆனால் டிராகன் விடைபெறும் இடத்தில் என் மகள் தேம்பி அழுதுவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பார்த்த எதை நான் தவறவிட்டேன்? இந்த வகையில் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேறு நல்ல படம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

அலாவுதீன் சாயல் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘சீனச் சட்டை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலாவுதீன் கதை அச்சில் முதலில் வந்தபோதே அது சீனாவில்தான் நடந்தது. அந்துவான் கலான் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்துகொண்டிருந்த காலத்தில், சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் அவருக்குச் சில கதைகளை வாய்மொழியாகச் சொன்னார். அவற்றில் ஒன்றுதான் இது. அலாவுதீன் சீனாவின் ஒரு நகரத்தில் தையற்காரரின் மகன். ஆனால் அந்தச் சீனாவில் சுல்தான் ஆள்கிறார், எல்லோருக்கும் முஸ்லிம் பெயர்கள். அன்றைய கேட்பவர்களுக்குச் சீனா என்றால் உலகத்தின் மறுகோடி, அவ்வளவுதான். இந்தப் படத்தின் ஷாங்காய் அப்படியில்லை. ஷிகுமென் எனப்படும் பழைய கல்வாசல் குடியிருப்பும், ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் நெருக்கமும், அதற்கு மேலே எழுந்து நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களும் பார்த்து வரையப்பட்டவை. டின் என்ற அந்தப் பையன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு உணவு டெலிவரி செய்து காசு சேர்க்கிறான். எதற்கு? தோழி லீ நாவின் பிறந்தநாள் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு நல்ல கோட்டு சூட்டுக்காக.

அப்புறம் அந்த மூன்று வரம். அதுவும் பழைய அலாவுதீன் கதையில் கிடையாது. அங்கே விளக்குக்கு ஒரு ஜின், அதாவது பூதம், மோதிரத்துக்கு ஒரு ஜின். தேய்த்தால் வரும், சொன்னதைச் செய்யும், கணக்கே இல்லை. அலாவுதீனும் அவன் அம்மாவும் முதலில் கேட்பது சாப்பாடு. ஜின் வெள்ளித் தட்டுகளில் கொண்டுவந்து வைக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக விற்று நாளை ஓட்டுகிறார்கள். மாளிகையே கேட்டிருக்கலாம், அவர்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை. வறுமையை அறிந்த ஒருவர் சொன்ன கதை என்று எனக்கு எப்போதும் தோன்றும் இடம் அது.

எண்ணி மூன்று என்பது வேறொரு கதைக் குடும்பத்தின் சொத்து. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கதையில் ஒரு விறகுவெட்டிக்கு மூன்று வரம் கிடைக்கிறது. பசியில் ஒரு சாசேஜ் கேட்டுவிடுகிறான். மனைவி திட்டுகிறாள். ஆத்திரத்தில் அது உன் மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்கிறான். மூன்றாவது வரம் அதைப் பிய்த்தெடுக்கவே செலவாகிவிடுகிறது. சினிமா இந்த இரண்டு குடும்பங்களையும் கல்யாணம் செய்துவைத்தது. 1992இல் வந்த டிஸ்னி படத்துக்குப் பிறகு, மூன்று வரம் இல்லாத அலாவுதீனைக் குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது.

ஆக, பழைய சரக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ‘விஷ் டிராகன்’ எடுத்த கிறிஸ் ஆப்பல்ஹான்ஸ் ஓவியராக இருந்து இயக்குநரானவர், இது அவருடைய முதல் படம். அவர் புதிதாகச் செய்தது என்ன என்று கேட்டால் நான் ஒன்றைச் சொல்வேன். அவர் கதையைக் கேட்பவனிடமிருந்து எடுத்துக் கொடுப்பவனிடம் வைத்தார். நம்முடைய ‘பட்டணத்தில் பூதம்’ படத்தின் ஜீபூம்பாவை நினைத்துப் பாருங்கள். எத்தனை அழகாகச் சிரிக்க வைத்த பூதம்! ஆனால் அதன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குக் கேட்கத் தோன்றாது. லாங் என்கிற இந்த இளஞ்சிவப்பு டிராகன் ஒருகாலத்தில் மனிதன். செல்வமும் அதிகாரமும் சேர்த்தவன், சாகும்போது பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. அதற்குத் தண்டனையாகத்தான் கெண்டிக்குள் அடைபட்டுப் பத்து எஜமானர்களுக்குச் சேவகம் செய்கிறான். டின் பத்தாமவன். இவனோடு கணக்கு முடிந்தால் விடுதலை. அதனால் அவனுக்கு ஒரே அவசரம். பொன்னைக் கேள், மாளிகை கேள், சட்டென்று கேட்டு முடி என்று பையனை நச்சரிக்கிறான்.

பையனோ எதைக் கேட்பதென்று தெரியாமல் நிற்கிறான். அவனுக்கு வேண்டியது பழைய சிநேகிதம். யாரையும் அன்பு செலுத்த வைக்க முடியாது என்பது டிராகனின் விதி. இந்த விதியைப் பல படங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு மறந்துவிடும். இங்கே அதன் மேல்தான் முழுக் கதையும் நிற்கிறது. உலகத்தில் எதையும் வரவழைக்கிற கருவி கையில் இருக்கிறது, தனக்கு வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் அது தராது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தானே நடந்துபோய்ப் பேசினால்தான் உண்டு.

எனக்கு இதைப் பார்க்கும்போது கடோபநிஷதத்து நசிகேதன் நினைவுக்கு வந்தான். யமன் வீட்டு வாசலில் மூன்று இரவு சாப்பிடாமல் காத்திருந்த சிறுவன் அவன். அதற்கு ஈடாக யமன் மூன்று வரம் தருகிறான். முதல் வரத்தில் அப்பாவின் கோபம் தணிய வேண்டும் என்கிறான், இரண்டாவதில் வேள்வித் தீயைப் பற்றிக் கேட்கிறான். மூன்றாவதாக, செத்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டதும் யமன் பின்வாங்குகிறான். நூறு வயது வாழும் பிள்ளை பேரன்கள், ஆடுமாடு, யானை, குதிரை, பொன், நிலம், தேவலோகப் பெண்கள், எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை மட்டும் கேட்காதே என்று கெஞ்சாத குறை. உன் குதிரையும் ஆட்டமும் பாட்டும் உன்னிடமே இருக்கட்டும் என்று பையன் சொல்லிவிடுகிறான். அந்தப் பதிலில் யமன் மகிழ்ந்து போகிறான். கொடுப்பவன் செல்வத்தை நீட்டுகிறான், சின்னப் பையன் அசையாமல் நிற்கிறான், நீட்டியவன் மனம் இளகுகிறது. படத்திலும் இதேதான் நடக்கிறது. படத்தை எடுத்தவர்கள் நசிகேதனைப் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வரம் கொடுப்பவனைக் கூர்ந்து பார்க்கிற கதை எங்கே எழுதப்பட்டாலும் அங்கே போய்த்தான் நிற்கும் போலிருக்கிறது.

உங்கள் கவலைக்கு வருகிறேன். மூன்று வரமும் படத்தில் என்ன ஆயின என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதலாவது, அடியாட்களிடம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில், சண்டை போடத் தெரிந்தால் போதும் என்று கேட்டது. தப்பித்தான், அதோடு சரி. இரண்டாவது, ஒரு நாள் மட்டும் பணக்காரன். அது ஒரு பொய்யாகி, லீ நாவிடம் அவனைத் தலைகுனிய வைத்தது. மூன்றாவது, வில்லன் தொட்டுப் பொன்னாக உறைந்துபோன லீ நாவின் அப்பாவை மீட்கக் கேட்டது. மூன்றில் ஒன்றுகூட அவனுக்கென்று எதையும் சம்பாதித்துத் தரவில்லை. இதைப் பார்க்கிற குழந்தை சும்மா கிடைக்கும் என்று காத்திருக்கக் கற்றுக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. குழந்தைகள் வசனத்தைவிட நடந்ததைத்தான் கவனிப்பார்கள்.

வில்லன் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கெண்டியைத் துரத்திக்கொண்டு வரும் அந்த ஆள் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடியே, கால்களால் மட்டும் சண்டை போடுவான். முதலில் பார்க்கும்போது ஸ்டைலுக்காகச் செய்தது என்றுதான் நினைத்தேன். பிறகு கெண்டி அவன் கைக்குப் போகிறது. தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் கேட்கிறான். இதுவரை கையையே வெளியே எடுக்காதவன் அப்போதுதான் எடுத்து நீட்டுகிறான். அந்த விரல்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அனிமேஷனில் ஒரு பாத்திரத்தின் நடையும் நிற்கும் விதமும் கதைக்கு வேலை செய்ய வேண்டும் என்பார்கள், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. லாங்கிடமும் இப்படி ஒன்று உண்டு. சக்கரவர்த்தி மாதிரி மூக்கை உயர்த்திக்கொண்டு திரிபவன் இறால் சிப்ஸை ருசி பார்த்ததும் அதற்கு அடிமையாகிவிடுகிறான். குழந்தைகள் சிரிப்பார்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பிறருக்கு மட்டுமே கொடுத்துவந்த ஒருவன் தனக்கென்று ஒன்றை விரும்புவது அங்கேதான் தொடங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதி ஓட்டமாக ஓடுகிறது. பொன் உறைவதும், டின் விழுவதும், லாங் மேலுலகத்து வாசலில் நிற்பதும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. பணத்தைவிட உறவு பெரிது என்று முகங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் பாத்திரங்கள் வாயால் வேறு சொல்கின்றன. உங்களுக்குக் கண்ணீர் வராததற்கு அந்த அவசரம் காரணமாக இருக்கலாம்.

உங்கள் மகள் பார்த்தது என்ன என்று கேட்டீர்கள். லாங் தண்டனை முடிந்து வாசல் வரை போய்விட்டான். ஆனால் கீழே டின் செத்துக் கிடக்கிறான். அவனுக்காக, இன்னும் பத்து எஜமானர்களுக்கு உழைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு லாங் திரும்பி வருகிறான். வரம் கொடுத்தே பழகியவன் முதல்முறையாகத் தானே ஒன்றைக் கேட்கிறான், அதற்கான விலையையும் தானே கொடுக்கிறான். உங்கள் கண் பையனுக்கு என்ன கிடைக்கும் என்பதிலேயே இருந்தது. அவள் டிராகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தால் மாண்டரின் சீன மொழிப் பதிப்பில் ஒருமுறை பாருங்கள், லாங்குக்கு அதில் குரல் கொடுத்திருப்பவர் ஜாக்கி சான். படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

வேறு படம் கேட்டிருந்தீர்கள். அனிமேஷன் இல்லை, ஆனாலும் 1940இல் வந்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தைத் தேடிப் பாருங்கள். மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகனான சாபு அதில் அபு என்ற சின்னத் திருடனாக வருகிறார். புட்டிக்குள்ளிருந்து மலை உயரத்துக்கு எழும் ஜின்னாக ரெக்ஸ் இங்க்ரம். முதல் வரத்தில் அபு கேட்பதும் சாசேஜ்தான். மூன்றாவதைக் கோபத்தில் வாய்தவறிக் கேட்டுவிடுகிறான். கணக்கு தீர்ந்தது என்று அந்த ஜின் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பறந்துவிடுகிறது, பையன் மலைகளுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கிறான். லாங்கை அழுதுகொண்டே வழியனுப்பிய உங்கள் மகள் இந்த ஜின்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று அவசியம் எழுதுங்கள்.